பால் சங்கத்து அடாப்டர்

அரங்கநாதன் அந்த அடாப்டரை வயரைப் பிடித்துத் தொங்கவிட்டபடியே கொண்டுவந்தார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிவருவதுபோல. மேசைமேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காலை பதினொரு மணி. திண்டிவனம் ரோட்டில் வெயில் ஏறிவிட்டது, எதிர் டீக்கடைக்காரர் படுதாவை இறக்கிவிட்டிருந்தார். நான் ஒரு டிவி போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதற்கு வியாதி என்னவென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார் இல்லியாம்மா?" என்று கேட்டார்.

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இருபது வருஷமாக இந்தக் கடையில் சால்டரிங் அயர்னைப் பிடிப்பது நான். என் வீட்டுக்காரர் விக்ரமன் வெளியே போய் டிஷ் மாட்டுவார், கேமரா மாட்டுவார், மாதம் ஒருமுறை மெட்ராஸ் போய் சாமான் வாங்கிவருவார். போர்டைத் திறந்தால் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். பாலிடெக்னிக்கில் படித்ததும் நான், கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் போர்டு வேலை பார்த்ததும் நான். ஆனாலும் படியேறுகிறவர்கள் சார் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"நான்தான் பாக்கறது. சொல்லுங்க."

அவர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பால் சங்கத்துக்குச் செயலாளர். ஊர் பேர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் தினமும் இரண்டு வேளை ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழித்துத்தான் பால் ஊற்ற வேண்டியிருக்கிறது.

"எடை மிஷினோட அடாப்டரும்மா இது. முந்தாநாள் காலைல ஷாக் அடிச்சிடுச்சு. கரண்ட் போயிட்டு வந்துது. வந்த உடனே சுந்தராம்பாள்னு ஒரு அம்மா பால் தூக்க மிஷின் மேல வெச்சிது, அப்பிடியே தூக்கிப் போட்டுடுச்சு. பால் கேன் மேல வுளுந்து மணிக்கட்டு ஒடஞ்சி போச்சு. மாவுக்கட்டு போட்டுக்கினு உக்காந்திருக்குது."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்ல. ஆனா அது புள்ளைங்க சும்மா வுடுவானுங்களா? சங்கத்தத்தான கேப்பானுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் மிஷின்ல எடை போடறாளே பூவாயி, அவ பண்ண வேல. டெய்லி பக்கெட்டுத் தண்ணிய மிஷின் மேலயே ஊத்திக் களுவுவா. வேணாம்னு தலையில அடிச்சிக்கினன். நீங்க இதத் தொறந்து பாத்து, தண்ணி போயித்தான் ஷாக் அடிச்சிதுன்னு கடை லெட்டர்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அத வெச்சி அவள நிறுத்திட்டு வேற ஆள் போட்டுடுவன். அதோட பேச்சு முடிஞ்சிடும்."

எங்களிடம் வருகிறவர்கள் சாமானோடு வியாதியையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். மழையில் நனைந்தது, குரங்கு வயரை இழுத்தது, மருமகள் போட்டு உடைத்தது. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஆமாம் என்பதுதான். நான் பார்த்து வைக்கிறேன் என்றேன். போகிறபோது, "இதை இதுக்கு முன்ன எங்கயாவது ரிப்பேர் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது தொழில் வழக்கம், வேறொன்றும் இல்லை.

"ஒருவாட்டி வண்டிக்காரன்கிட்ட குடுத்தனுப்புனன். எங்க குடுத்து எடுத்தாந்தானோ. அவனும் இப்ப பெங்களூரு பூட்டான்."

அவர் போனதும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் பிளேடு வைத்து நெம்பிய தடம் இருந்தது. எந்தப் புண்ணியவான் கை வைத்தானோ என்று முனகிக்கொண்டுதான் திறந்தேன். சொந்தக் கை படாத ரிப்பேரைப் பார்த்தால் எனக்கு ஒரு இளக்காரம் உண்டு, மற்றவர்கள் வைத்த சால்டரையெல்லாம் குருவி எச்சம் என்பேன். மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தேன். நீல மார்க்கரில் "பி. 9-3" என்று எழுதியிருந்தது.

பி என்றால் பிருந்தா. நான் ரிப்பேர் செய்கிற ஒவ்வொன்றிலும் உள்ளே தேதி போட்டு இந்த ஓரெழுத்தையும் எழுதிவிடுவேன். போன வாரம்தான் கொடுத்தேன் என்று மூன்று வருஷத்துப் பெட்டியைத் தூக்கிவந்து சண்டை போடுகிறவர்களுக்காக வைத்துக்கொண்ட பழக்கம். அதுவரை அந்த எழுத்து என்னைக் காப்பாற்றித்தான் வந்திருந்தது.

போர்டில் தண்ணீர் போன அடையாளமே இல்லை. துரு இல்லை, பச்சை பூக்கவில்லை, தூசிகூடக் கலையாமல் இருந்தது. நடுவில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வட்டு இரண்டாக வெடித்துக் கிடந்தது. அதைச் சுற்றி இருந்த சால்டர் வழவழவென்று, மணியாக, பார்க்க அழகாக இருந்தது. என் கைவேலை.

விஷயம் இதுதான். அடாப்டருக்குள்ளே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். பள்ளத்துக்கு ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட், மறுபக்கம் மிஷினுக்குப் போகும் ஒன்பது வோல்ட். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஆனால் இரைச்சல் வராமல் இருக்கப் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு கெபாசிட்டர் போட வேண்டும். நீல நிறம், பொட்டளவு இருக்கும், அந்த இடத்துக்கென்றே செய்தது. அது செத்தால் வழியை அடைத்துவிட்டுச் சாகும். பழுப்பு நிறத்தில் இன்னொன்று உண்டு. அளவும் அதே, மேலே போட்டிருக்கும் 102 என்ற நம்பரும் அதே. அது வழியைத் திறந்து போட்டுவிட்டுச் சாகும், அப்புறம் சுவர் கரண்ட் நேராக மிஷினுக்கு வந்துவிடும். மலிவு அடாப்டர் செய்கிற மகராசன்கள் இரண்டையுமே போடுவதில்லை. இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்து ஒப்பேற்றுவார்கள்.

இதுவும் அப்படித்தான் வந்தது. மார்ச் மாதம் பால் வண்டி டிரைவர் கொண்டுவந்து, எடை மிஷினில் நம்பர் நிற்காமல் ஆடுகிறது, ஊற்றுகிறவர்கள் ஏமாற்றுகிறாய் என்று சண்டை பிடிக்கிறார்கள் என்றார். திறந்து பார்த்தேன், காலி இடம். கடையில் நீலம் தீர்ந்துபோயிருந்தது. விக்ரமன் மெட்ராஸிலிருந்து பழுப்பு ஒரு பட்டை வாங்கிவந்திருந்தார், நூறு இருக்கும், எல்லாம் ஒரே நம்பர்தானே என்று. டிரைவர் வண்டியை அணைக்காமல் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். போட்டுக் கொடுத்தேன். நம்பர் கல்லாக நின்றிருக்க வேண்டும், அப்புறம் யாரும் வரவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இது பால் சங்கம், தண்ணீர் புழங்குகிற இடம், வெறுங்காலோடு நிற்பார்கள் என்பதுவரை தெரிந்தே போட்டேன். நீலம் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், அது வருவதற்குள் மறந்துபோனேன். ஒன்றும் செய்யாமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தால் சுந்தராம்பாளின் கை முழுசாக இருந்திருக்கும்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும், ஒரு அம்மா படியில் வந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் சங்கத்துலேர்ந்து அடாப்டர் குடுத்தாங்களே, அது இந்தக் கடைதானா யம்மா? நான்தான் பூவாயி" என்றாள். நான் ஏனென்று தெரியாமல் பக்கத்திலிருந்த பேப்பரை எடுத்துத் திறந்து கிடந்த அடாப்டரை மூடினேன்.

உட்காரச் சொன்னேன். ஸ்டூலில் உட்காரவில்லை, படியிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள்.

"உள்ள தண்ணி போயிருக்குதா?"

"இன்னும் பாக்கலக்கா."

"போயிருக்கும். நான் களுவறவதான். பால் சிந்தி ஒரு நாள் வுட்டாலும் நாறிப் போவும், ஈ மொய்க்கும். அவரு வேணாம்னாரு, நெசந்தான். நான் கேக்கல. பதினோரு வருசமா களுவறன், ஒண்ணும் ஆவல, இப்ப ஆயிப்போச்சு. சுந்தராம்பா எனக்கு நாத்தனா மொறை. அது கைய நானே ஒடச்ச மாதிரி இருக்குது."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேல போச்சுன்னா வெய்யில்ல கூலிக்குக் களை எடுக்கப் போவணும். அதுகூடப் போவலாம். ஊர்ல எல்லாம் என்ன மிஷினம்மான்னுதான் கூப்புடும். நாளைலேர்ந்து கைய ஒடச்சவன்னு கூப்புடும்." என் பக்கம் திரும்பினாள். "யம்மா, ஒண்ணு கேக்கறன். தண்ணி கொஞ்சமாத்தான் போயிருக்குதுன்னு எழுதுங்க. ரெண்டு சொட்டுன்னு எழுதுங்க. பொய்தான். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் என்னிடம் இரண்டு சொட்டுப் பொய் கேட்டாள். ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை என்ற உண்மை அவள் கைக்கெட்டும் தூரத்தில் பேப்பருக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக் காட்ட எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டில் பயம்தான் அதிகம். "நாளைக்கு நானே கூட்டத்துக்கு வர்றன்க்கா" என்று சொன்னேன். ஏதோ முடிவு செய்துவிட்டுச் சொன்னதில்லை. அவள் எழுந்து போனால் போதும் என்று இருந்தது.

விக்ரமன் இரண்டு மணிக்கு வந்து கேரியரைத் திறந்தார். அவர் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடாப்டரைப் பார்த்தார், மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார், மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"யாருக்குத் தெரியும் நீ போட்டது?"

"யாருக்கும் தெரியாது."

"தின்னர் இருக்குது, அழிச்சிடு. எவனோ நோண்டியிருக்கான்னு எழுதிக் குடு. அந்தம்மா பேரும் கெடாது, நம்ம பேரும் கெடாது."

"எவனோன்னு எழுதுனா அந்தம்மாவ வுட்டுடுவாங்களா? தண்ணி ஊத்துனது அந்தம்மாதான்னுதான் சொல்லுவாங்க."

"ஊத்துனது நெசந்தான பிருந்தா?"

நிஜம்தான். அதுதான் என்னைப் படுத்தியது. வெறும் பொய்யாக இருந்தால் என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது. பாதி நிஜம், கையை நீட்டினால் ஏறிக்கொள்ளலாம் போல, டவுன் பஸ் மாதிரி வாசலில் நின்றது. விக்ரமன் கெட்டவர் இல்லை. பஜாரில் ஒரு கடைக்குப் பேர் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அவருடைய நைனா பாத்திரக்கடை வைத்து நொடித்தவர். நான் பஞ்சில் தின்னரைத் தொட்டு மூடியில் தேய்த்தேன். 9-3 கரைந்து நீலமாக இழுவியது. பி மட்டும் பாக்கி இருக்கும்போது கை நின்றுவிட்டது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பழுப்புப் பட்டையை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"இன்னா இது?"

"நீங்க வாங்கியாந்ததுதான். இதுல பத்தொன்பது இல்ல."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"எல்லாம் எங்க போட்ட?"

"தெரியலங்க. உள்ள தேதி எழுதறனே ஒழிய எங்க போவுதுன்னு எழுதறதில்ல. ரெண்டு செட்டாப் பாக்ஸ். ஒரு கேமரா. கோயில் மைக் செட்டு ஒண்ணு." எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அங்கன்வாடில தண்ணி பில்டர் வெச்சிருக்காங்களே, அதோட அடாப்டர்."

அந்த பில்டரில் எவர்சில்வர் குழாய், பிள்ளைகள் கையால் திறப்பது. விக்ரமன் தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு மிச்சம் இருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து அங்கன்வாடி அடாப்டரை மேசைமேல் வைத்தார்.

"பசங்கல்லாம் தூங்கிட்டிருந்தாங்க" என்றார்.

திறந்தேன். உள்ளே பழுப்பு வட்டு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தான இருக்குது" என்றார்.

"அதுவும் முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துது."

சாயங்காலம் லெட்டர்பேடை எடுத்து எழுதினேன். மூன்று வரி எழுத நாலு தாள் ஆனது. முதல் தாளில் "தவறுதலாக" என்று ஒரு வார்த்தை இருந்தது, அதை அடித்தேன். இரண்டாவது தாளில் "அவசரத்தில்" என்று இருந்தது, அதையும் அடித்தேன்.

மறுநாள் ஸ்கூட்டரில் போனேன். சிங்கவரம் திருப்பத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடி தரையோடு படர்ந்து கிடந்தது, ஒன்பதரைக்கே தார் ரோடு கொதித்தது. பால் சங்கம் ஒரே அறைக் கட்டிடம், முன்னால் தகரக் கொட்டகை. முப்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், காலைப் பால் ஊற்றிய வெறும் தூக்கோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாகப் பழைய கைத்தராசில் எடை போடுகிறார்களாம், அதனால் எல்லார் முகத்திலும் ஒரு சிடுசிடுப்பு. சுந்தராம்பாளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவள் மகன் நின்றான். பூவாயி சுவரோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக அசைத்தாள், எழுதிவிட்டாயா என்று கேட்பதுபோல.

அரங்கநாதன் லெட்டரை வாங்கி மனசுக்குள் படித்தார். மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. நீங்க கெளம்புங்க, நாங்க பேசிக்கறோம்."

"சத்தமாப் படிச்சிடுங்க" என்றேன்.

அவர் படிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் நல்ல மனசுக்காரங்க. பூவாயி நேத்து கடைக்குப் போயி அளுதிருப்பா போல. தப்பு எங்களுதுதான்னு எழுதியாந்திருக்காங்க. பொம்பளைக்குப் பொம்பள எரக்கம்."

நான் எத்தனையோ நினைத்து வந்திருந்தேன், அடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன், இதை நினைக்கவில்லை. பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஒரு அம்மா, பாவம், எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேல என்றாள். பூவாயி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இரண்டு சொட்டு கேட்டால் இவள் ஏன் ஒரேயடியாகக் கவிழ்க்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

"இரக்கமெல்லாம் இல்ல. மார்ச் மாசம் இத ரிப்பேர் பண்ணது நான். போட வேண்டியதப் போடாம வேற ஒண்ணப் போட்டன். அதுதான் வெடிச்சிது. உள்ள தண்ணி போவல."

சுந்தராம்பாளின் மகன் கேட்டான். "தண்ணியே இல்லாம ஷாக் அடிச்சிதுன்றீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லக் கூடாதென்று வந்துவிட்டு அதிலொன்றைச் சேர்க்க முடியவில்லை. "தரை ஈரமா இருந்ததாலதான் அவ்ளோ பலமா அடிச்சிது" என்றேன்.

"பாத்தீங்களா" என்றார் அரங்கநாதன். கூட்டம் சலசலத்தது. என் நாக்கே அவளை மறுபடி சுவரோரம் தள்ளிவிட்டது.

எடை மிஷினைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னேன். கொட்டகையில் ஒரு மர பெஞ்சு இருந்தது, அதன்மேல் வைத்தார்கள். பெஞ்சையும் மிஷினையும் தட்டையும் என் துணியால் துடைத்தேன், உலர்ந்திருக்கிறதா என்று சுந்தராம்பாளின் மகனையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டான், ஆமாம் என்றான். எல்லாரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் கொண்டுவந்த பழைய அடாப்டரை மிஷினில் செருகி, சுவிட்சைப் போட்டேன். மிஷின் சாதாரணமாக வேலை செய்தது, சிவப்பு நம்பரில் பூஜ்யம் காட்டியது. டெஸ்டரை எடுத்துத் தட்டின்மேல் வைத்தேன். டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் பிளக்கில் வைத்தால் எப்படி எரியுமோ அப்படி. பகல் வெளிச்சத்திலும் பின்னால் நின்றவர்கள்வரை பார்க்க முடிந்தது.

"தண்ணி எங்க இருக்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

"களுவாம இருந்தாலும் இது ஒரு நாள் அடிச்சிருக்கும். இது தண்ணி பொழங்கற எடம்னு தெரிஞ்சேதான் நான் இதப் போட்டன். அவங்க களுவுனது தப்பு இல்ல. பால் வெக்கற தட்டக் களுவத்தான் செய்வாங்க."

"அப்ப எங்க அம்மா கைக்கு நீங்கதான் பொறுப்பா?" என்றான் மகன்.

"ஆமா."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். சுந்தராம்பாள்தான் நாற்காலியிலிருந்து, "ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அரங்கநாதன் பையிலிருந்த லெட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். வேலை விஷயம் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். பெண்கள் தூக்குகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். போகிறபோது ஒருத்தி தன் வீட்டு செட்டாப் பாக்ஸ் எங்கள் கடையில்தான் பார்த்தது என்று இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது.

பழைய அடாப்டரைப் பிடுங்கி வயரை வெட்டினேன். கொண்டுவந்திருந்த புதிய அடாப்டரை மாட்டினேன், உள்ளே திறந்து நீலம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவந்தது. டெஸ்டர் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் மினுக்கியது. இனி போகலாம் என்று நிமிர்ந்தபோது பூவாயி பக்கத்தில் நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை, நேற்று படியில் உட்கார்ந்து அவ்வளவு கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இந்தக் கரண்டு அன்னிக்கு மட்டுந்தான் வந்துதா? முன்னயே வந்துதா?"

"பெருசா வந்தது அன்னிக்குத்தான். அதுக்கு முன்ன கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சிருக்கும்."

"எப்பத்துலேர்ந்து?"

"நான் போட்டதுலேர்ந்து இருக்கும். மாசிக் கடைசிலேர்ந்து."

அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். "காலைல மொத எடை போடறதுக்கு முன்ன தட்டத் தொட்டுக் கும்புடுவன். தொட்டா இங்கேர்ந்து கை முட்டி வரைக்கும் சுருசுருன்னு ஏறும்" என்று விரல் நுனியிலிருந்து காட்டினாள். "வாதம்னு நெனச்சன். அப்பறம் சக்கரையா இருக்கும்னு ஆஸ்பத்திரிக்குப் போனன். நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை குடுத்தாங்க, ஆடி மாசத்துலேர்ந்து துன்றன். மலையனூர் அம்மனுக்குக்கூட வேண்டிக்கினன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா கை வராதவன்னு வேலய வுட்டு எடுத்துடுவாங்களே." அவள் இன்னும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்திரைல எம் பொண்ணுக்குக் கொளந்த பொறந்துது. ஆம்பளப் புள்ள. நான் இன்னும் அவனத் தூக்குனதில்ல. மடில வெச்சாக்கூட யாரையாவது பக்கத்துல உக்காரச் சொல்லுவன். கை வுட்டுடுமோன்னு பயம்."

ஐந்து மாதம். நான் கடையில் உட்கார்ந்து மற்றவர்கள் சால்டரைக் கிண்டல் செய்த ஐந்து மாதம்.

"அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சேலையில் உள்ளங்கையைத் துடைத்தாள். பெஞ்சருகே போய் நின்றாள், தட்டுக்கு ஓரங்குலம் மேலே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையைத் தட்டின்மேல் வைத்தாள். சிவப்பில் முந்நூறு கிராம் காட்டியது. அவள் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினாள். ஒரு கிலோ, இரண்டு கிலோ, நாலு என்று எண் ஏறிக்கொண்டே போனது.